இரண்டு மணித் துரு

முதலில் சத்தம்தான் கேட்டது. முறத்தில் ரவையைப் போட்டு யாரோ மெல்லப் புடைப்பதுபோல, ஈர மணலில் ஆயிரம் நண்டுகள் ஒரே திசையில் நடப்பதுபோல, நிற்காமலும் அவசரப்படாமலும் ஒரு சரசரப்பு. தூத்துக்குடித் துறைமுகத்து எடைமேடையில் விடியவிடிய லாரிகளை எடை போட்டுவிட்டு வந்து, அதன் பிறகும் படுக்காமல் பதினொரு மணிவரை இரும்பைத் தேய்த்து, குளித்து, சாப்பிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த பெர்க்மான்ஸ், ஜெசிந்தா ரவை சலிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஜெசிந்தா மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பவள் இல்லை, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருப்பாள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

கொட்டகையில், காலையில் அவர் வெள்ளி மாதிரி தேய்த்து வைத்திருந்த சேஸிஸ், செம்மண் பூசிய மாதிரி சிவந்து கிடந்தது. தெருவாசல் கதவின் அடியில் புகுந்து, நடை வழியாக, அடுக்களை ஓரமாக, சுவரை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு எறும்புச் சாரை போலச் செந்தூள் ஊர்ந்து வந்து, கொட்டகைக்குள் திரும்பி, முட்டுக்கட்டைகளின் மேல் ஏறி, சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் பரவி உட்கார்ந்துகொண்டிருந்தது. பெர்க்மான்ஸ் குனிந்து விரலால் தொட்டார். துருதான். விரல் பட்ட இடத்தில் சாரை கொஞ்சம் விலகி, மறுபடி சேர்ந்துகொண்டு போயிற்று. அவர் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். இரவு ஷிப்ட் இருந்தது, தூங்கியாக வேண்டும்.

அந்தச் சேஸிஸ் ஒரு ஸ்போர்ட்ஸ் காருடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற, எந்த நாட்டிலோ செய்து எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கிய கார். உடம்பை யாரோ எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட, எலும்பு மட்டும் பழைய இரும்புக் கடையின் மதிலோரம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அதைத் தை மாதம் ஒரு மீன் வண்டியில் ஏற்றிப் பெர்க்மான்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, சிப்பிக்கூடத் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பெர்க்மான்ஸுக்கு நாற்பத்தெட்டு வயது. அதுவரைக்கும் அவர் தொடங்கிப் பாதியில் விட்டவை ஒரு பாய்மரப் படகு, தபாலில் படித்த ஒரு பட்டம், ஒரு கிடார், மாடியில் கூரையில்லாமல் நிற்கும் ஓர் அறை. தெருக்காரர்கள் அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஜெசிந்தா மட்டும் சேஸிஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ரெண்டு சீட்டுதானா?"

"ரெண்டுதான்."

"அப்ப நமக்குச் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் பெர்க்மான்ஸ் மாட்டிக்கொண்டார். இதையாவது முடித்து, ஒரு சாயங்காலம் அவளை அந்த இரண்டாவது சீட்டில் உட்காரவைத்துக் கடற்கரை ரோட்டில் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னவை எல்லாம் பாதியில் நின்றுபோனதால், இதைச் சொல்லாமலே வைத்திருந்தார்.

வேலை கற்றது போனில். எங்கோ பனி கொட்டுகிற ஊர்களில், வாயிலிருந்து புகை வரப் பேசிக்கொண்டே வெள்ளைக்காரர்கள் பழைய கார்களைப் பிரித்துத் துரு நீக்கி, பிரைமர் அடித்து, சட்டத்தின் உள் வயிற்றுக்குள் மெழுகு பீச்சி மூடுகிற வீடியோக்களை, பாஷை தெரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கைகளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரே ஓர் இடத்தில்தான் தப்பு நடந்தது. இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து முடித்ததும் அவர்கள் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவினார்கள்; பெர்க்மான்ஸும் கழுவினார். அவர்கள் ஊர்த் தண்ணீர் வேறு. சிப்பிக்கூடத் தெருவில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும், அதைக் குடக்கணக்கில் பிடித்து மூடி வைப்பார்கள், இரும்பைக் கழுவ அதில் ஒரு சொம்பு எடுக்கிறேன் என்று அந்தத் தெருவில் எவனும் வாயைத் திறந்ததில்லை. எனவே நிலத்தில் போர் போட்டு இறைக்கிற தண்ணீர். நாக்கில் வைத்தால் கரிக்கிற, குழாயின் வாயில் உப்புப் பூத்துக்கிடக்கிற போர்த் தண்ணீரை, பச்சை உடம்போடு இருந்த இரும்பின் மேல் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார். அன்றைக்கு மத்தியானம்தான் அந்தச் சத்தம் கேட்டது. உப்பின் ருசி கண்ட இரும்பு, ஊரில் உள்ள துருவையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டது என்று பின்னாளில் தெருவில் சொன்னார்கள். அது சரியா தப்பா என்று யாரும் மெனக்கெட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பெர்க்மான்ஸ் மறுபடி தேய்த்தார். மத்தியானம் மறுபடி வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள், எதிர்வீட்டு வடிவு தன் வாசல் கேட்டில் கைவைத்தவள் அப்படியே நின்றாள். பதினைந்து வருஷமாகக் கீல் அலறுகிற கேட், சத்தமே இல்லாமல் திறந்தது. பெயிண்ட் அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. குத்திப் பார்த்தால் உள்ளே துரு இல்லை, காலி. துரு எழுந்து போன இடத்தில் பெயிண்ட் மட்டும் கூடு மாதிரி நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி, தையல்கடை கைருன்னிசாவின் மிஷின், தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடியின் கம்பிக்கதவு, எல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தன. உப்புக்காற்றில் ராத்திரி புதிதாகப் பூத்த துருவும் மறுநாள் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போயிற்று.

"அண்ணே, எங்க கேட்டுத் துரு உங்க வீட்டுக்கா வருது?" என்று வடிவு வந்து கேட்டாள்.

"எந்த வீட்டுதுன்னு தெரியல, வடிவு. வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"பெயிண்டையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லக் கூடாதா? சொறி பிடிச்ச மாதிரில்லா நிக்கி," என்றாள் வடிவு.

தெரு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. இரண்டு மணிக்கு வெளியே போகிறவர்கள் சாரையைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள், ஏனென்றால் அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகம் குறைத்தார்கள். மிதித்தாலும் அது ஒன்றும் செய்யவில்லை, நசுங்கிய இடத்தில் கொஞ்சம் நின்று ஆள் சேர்த்துக்கொண்டு போயிற்று. பிறகு பக்கத்துத் தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, பூட்டு, சைக்கிள், பழைய நங்கூரம், ஒரு விசைப்படகின் முழுச் சங்கிலி. பெர்க்மான்ஸ் வீட்டுச் சுவரோரம் காலையில் சாத்தி வைத்துவிட்டுப் போய்ச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டார்கள். யார் பொருள் எது என்ற சண்டை வந்தபோது, கைருன்னிசா துண்டுத் துணிகளில் பெயர் தைத்துக் கட்டிவிட்டாள். ஒரு நாள் பெர்க்மான்ஸ் கதவைத் திறக்கத் தாமதமாகிவிட்டதற்கு, முன்பின் தெரியாத ஒருவர், "பொதுக்காரியத்துக்கு இருக்கறவிய நேரத்துக்கு எந்திரிக்கண்டாமா?" என்று அவரைக் கண்டித்துவிட்டுப் போனார்.

எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம் இருந்ததில் பெர்க்மான்ஸுக்குப் பேச்சு குறைந்திருந்தது, அளக்கிற பழக்கம் கூடியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வெர்னியரை எடுத்து, சேஸிஸின் வலதுசட்டத்தில் சாக்பீஸால் குறித்த ஓரிடத்தில் தகட்டின் கனத்தை அளந்தார். தை மாதம் மூன்று மில்லிமீட்டர். வந்த துரு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் தின்றது. விட்டுவைத்தால் இன்னும் தின்னும் என்பதால் காலையில் தேய்த்தாக வேண்டியிருந்தது, தேய்ப்பதிலும் கொஞ்சம் போயிற்று. மாசியில் இரண்டே முக்கால். சித்திரையில் இரண்டரை. தேய்த்து விழுந்த தூளை ஜெசிந்தா கூட்டி அள்ளி முருங்கை மரத்து மூட்டில் கொட்டினாள். கீழே விழுந்த துருவுக்கு நடக்கத் தெரியவில்லை, அங்கேயே கிடந்தது. இரண்டு மில்லிக்குக் கீழே போனால் அந்தச் சட்டம் ஆள் தாங்காது, தூக்கி எறிய வேண்டியதுதான் என்பதை வெள்ளைக்காரர்களின் கைகள் அவருக்கு ஏற்கெனவே காட்டியிருந்தன.

வடிவின் புருஷன் சுயம்பு விஷயம் பங்குனிக் கடைசியில் நடந்தது. சுயம்பு முன்பு உப்பு லாரி ஓட்டியவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து தொடையெலும்பு நொறுங்கி, உள்ளே ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடை, அதுவும் வீட்டுக்கும் டீக்கடைக்கும். அன்றைக்கு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, தோலுக்கு அடியில் எறும்பு நடக்கிற மாதிரி இருந்தது என்றார். லுங்கியைத் தூக்கிப் பார்த்தால், பழைய தழும்பின் வழியாக நூல் மாதிரி ஒரு சிவப்பு கசிந்து, முழங்காலில் இறங்கி, பாதத்தைத் தாண்டி, தரையில் போய்ச் சாரையோடு சேர்ந்துகொண்டது. துருப்பிடிக்காத கம்பி என்று சொல்லித்தான் வைத்தார்கள். ஆனாலும் சிப்பிக்கூடத் தெருவின் காற்றைப் பதினோரு வருஷம் சுவாசித்த மனிதனுக்குள் இருக்கிற இரும்பு வேறு எப்படி இருக்கும். சுயம்பு எழுந்து நின்றார். கம்பை எடுக்காமல் மார்க்கெட்டுவரை போய், ஒரு கிலோ சாளை மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் அதைவிடத் தூரம் போனார். அதற்கடுத்த நாள், வடிவை சைக்கிளில் பின்னால் வைத்துச் சினிமாவுக்குக் கூட்டிப் போனார். வடிவு போகும்போதும் வரும்போதும் தெருவில் யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வைகாசிக் கடைசியில் வெர்னியர் இரண்டே கால் காட்டியது. பெர்க்மான்ஸ் துத்தநாகப் பிரைமரும் எபாக்ஸி பெயிண்டும் மெழுகும் வாங்கிவந்து கொட்டகையில் அடுக்கினார். அடித்து மூடிவிட்டால் துருவுக்கு உட்கார இடமிருக்காது என்பது அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் திரும்பும்போது, கைருன்னிசாவின் கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர், தற்செயலாக நிற்பது மாதிரி நின்றார்கள்.

"அவசரமா என்ன?" என்றார் படகுக்காரர் ஒருவர். "ஒரு வருசம் போவட்டுமே. மழை முடியட்டும்."

"இவ்வளவு பேருக்கு உபகாரமா இருக்கு," என்றார் இன்னொருவர். "நீங்க வண்டி ஓட்டி என்ன செய்யப் போறிய? ராத்திரி பூரா லாரி பாக்கது பத்தாதா?"

சிலர் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. அவள் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அவிய ராத்திரி முனங்காமத் தூங்கி நான் பாத்ததே இல்ல," என்றாள். "இப்பத்தான் பாக்கேன். நீங்க பெயிண்ட் அடிச்சா நான் வேண்டாங்க முடியாது. உங்க சாமான். ஆனா கேக்கேன்."

பெர்க்மான்ஸ் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டினாரா என்பது அவருக்கே தெரியவில்லை. தெரு அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, எபாக்ஸி டப்பாக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கிரைண்டரை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனார். ஜெசிந்தா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எவ்வளவு இருக்கு?"

"ரெண்டே கால்."

"ரெண்டுல நிக்குமா?"

"ரெண்டுல நிக்கும். அதுக்குக் கீழ நிக்காது."

"வடிவு இன்னைக்குப் பணியாரம் குடுத்து விட்டா," என்றாள். பெயிண்ட் அடிக்காதீர்கள் என்பதற்கான பணியாரம் அது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. பணியாரத்தைச் சாப்பிட்டார்கள்.

ஆனி பிறந்து, காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கி, கயிற்றில் போட்ட துணி கால்மணியில் காய்கிற ஒரு காலையில், சுயம்பு கொட்டகைக்கு வந்தார். வந்து, பெர்க்மான்ஸ் தேய்ப்பதைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சட்டத்தின் நடுவில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஒரு தடவை லேசாக அழுத்திப் பார்த்தார்.

"நெளியுது வே," என்றார்.

"ரெண்டு மில்லியும் ஒரு மயிரிழையும்தான் இருக்கு."

"கணக்கு எனக்கு எதுக்கு. என் குறுக்கெலும்புக்குத் தெரியும்லா." எழுந்திருக்கவில்லை. "என் கால் எப்படி ஒடிஞ்சதுன்னு நினைச்சீரு?"

"வண்டி கவுந்து."

"அப்படித்தான் ஊருக்குச் சொன்னது. கவுழல. ஓடிக்கிட்டிருக்கும்போதே சேஸிஸ் ரெண்டா முறிஞ்சுது. அடியில பூரா துரு. முதலாளி துருவச் சுரண்டாம அதுக்கு மேலயே கருப்புப் பெயிண்ட அடிச்சுப் பளபளன்னு வச்சிருந்தாரு. எனக்குத் தெரியும் வே. லோடு ஏத்தி உக்காரும்போதெல்லாம் இதே மாதிரி நெளியும். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு வருசம் ஓட்டுனேன். சொன்னா வேற டிரைவரப் போட்டிருவாரு." கையால் சட்டத்தைத் தடவினார். செந்தூள் உள்ளங்கையில் ஒட்டியது. "நாளைக்கே பெயிண்ட அடிச்சிரும் வே."

"சுயம்பு, வடிவு வந்து..."

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"என்ன சொல்லுவீரு?"

"அதான் தெரியல," என்றார் சுயம்பு. "அடிச்சு முடிச்சிட்டு யோசிப்போம்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வந்த பெர்க்மான்ஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுயம்பு ஏற்கெனவே கொட்டகையில் இருந்தார். இரண்டு பேருமாக உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, இண்டு இடுக்கு, வளைவு, போல்ட் துவாரம் என்று ஒன்றுவிடாமல் தேய்த்தார்கள். கழுவ வேண்டிய நேரம் வந்தபோது பெர்க்மான்ஸ் வாளியைப் பார்த்தபடி நின்றார். சத்துணவுக் கூடத்துக்கு அன்றைக்கு லீவு சொல்லியிருந்த ஜெசிந்தா அடுக்களையிலிருந்து, முந்தாநாள் பிடித்த நல்ல தண்ணீரை, ஒவ்வொரு குடமாக இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து சேஸிஸ் மேல் ஊற்றினாள். ஐந்தாவது குடத்தில் பெர்க்மான்ஸ், "போதும், குடிக்க வேணும்லா," என்றார். "ரெண்டு நாளுல்லா, கேன் வாங்கிக்கிடலாம்," என்று ஆறாவதையும் ஊற்றினாள். இரும்பு தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. துணியால் ஒற்றினார்கள், மிச்சத்தை ஆனிக் காற்று துடைத்தது. எட்டு மணிக்குத் துத்தநாகப் பிரைமர், சாம்பல் நிறத்தில். பத்தரைக்கு எபாக்ஸி, கறுப்பு. ஸ்ப்ரே கன்னை பெர்க்மான்ஸ் பிடிக்க, சுயம்பு சேஸிஸைக் கயிற்றுக் கப்பியில் அவருக்குத் தக்கபடி புரட்டிக் கொடுத்தார். இரண்டு காலிலும் ஊன்றி நின்று, முழுப் பாரத்தையும் தொடையில் வாங்கி, கூப்பிடுவதற்கு முன்பே புரட்டினார். ஒன்றரை மணிக்கு, நீளக் குழாயைத் துவாரங்களில் விட்டு, சட்டத்தின் உள்வயிற்றுக்குள் மெழுகைப் பீச்சினார்கள். அடித்துளைகளில் மெழுகு சொட்டுச் சொட்டாக வந்து நின்றதும், ரப்பர் மூடிகளை அழுத்தினார்கள்.

"இனி இதுக்குள்ள காத்துகூடப் போவாது," என்றார் பெர்க்மான்ஸ்.

இரண்டு மணிக்கு வழக்கமான சரசரப்பு வந்தது. நடையைத் தாண்டி, அடுக்களை ஓரமாக, கொட்டகைக்குள் திரும்பி, முட்டுக்கட்டை மேல் ஏறி, சேஸிஸைத் தொட்டது. தொட்ட இடத்தில் பிடி கிடைக்கவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தது. அடியில் போய்ப் பார்த்தது. துவாரம் இருந்த இடங்களையெல்லாம் தெரிந்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் போய், ரப்பர் மூடியைச் சுற்றி வந்தது. விருந்துக்கு வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துத் திண்டாடுகிறவர்களைப் போலக் கட்டைகளின் மேல் கூடிக்கூடி நின்றது. அரைமணி நேரம் அப்படி நின்றிருக்கும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சாரையின் வால் தலையாகி, வந்த வழியே திரும்பியது. வாசலைத் தாண்டியதும் அது கிளைகிளையாகப் பிரிந்தது. எந்தத் துருவுக்கும் வழி தப்பவில்லை. கைருன்னிசாவின் மிஷினுக்கு உரியது அவள் கடைக்குள் ஏறியது, குருசடிக் கம்பிக்கு உரியது தெருமுனைக்குப் போயிற்று, வடிவின் கேட்டுக்கு உரியது உப்பிய பெயிண்டுக்குள் ஒவ்வொரு கூடாக நுழைந்துகொண்டது. படகுக்காரர் தன் நங்கூரத்தின் பக்கத்தில் நின்று, அது சிவப்பதைப் பார்த்துவிட்டு, பெயர் தைத்த துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, நங்கூரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

நூல் மாதிரி ஒன்று மட்டும் கொட்டகையை விட்டுப் போகாமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுயம்புவின் பாதத்தருகே வந்து நின்றது. சுயம்பு லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்தார்.

"வா," என்றார். "வேற எங்க போவ."

அது ஏறித் தழும்புக்குள் போயிற்று. சுயம்பு தொடையில் கைவைத்தார். எழுந்திருக்கப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தார். பெர்க்மான்ஸ் போய்த் தோளைக் கொடுத்தார்.

"வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டார் சுயம்பு, நடையைக் கடக்கும்போது.

"இஞ்சின் இருக்கு, வயரிங் இருக்கு. இன்னும் ஒரு வருசமாவது ஆவும்."

"அதுவரைக்கும் நிக்கும்."

"நிக்கும்."

வடிவு அவள் வாசலில் நின்றாள். புருஷன் ஒரு தோளைப் பிடித்து வருவதையும், அது யாருடைய தோள் என்பதையும் பார்த்தாள். பெர்க்மான்ஸ், "வடிவு..." என்றார். அவள் சுயம்புவின் மறுபக்கம் வந்து கக்கத்தில் கைகொடுத்து வாங்கிக்கொண்டு, கேட்டைத் தள்ளினாள். கீல் லேசாக முனகியது. நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு அவள் அடுக்களைக்குள் போவது, குறுகிய தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பெர்க்மான்ஸுக்குத் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியை ஏற்றி, அதில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். உப்பு பொரியத் தொடங்கியதும் பழைய வேட்டித்துணி ஒன்றைக் கிழித்து மடியில் விரித்து, கரண்டியால் கிளறினாள். பதினோரு வருஷமாகத் தினமும் செய்து, இந்த இரண்டு மூன்று மாதமாகச் செய்யாமல் இருந்த வேலை. சூடேறிய உப்பைத் துணியில் கொட்டி, மூட்டையாக முடிந்து, தன் முழங்கையில் ஒருமுறை வைத்துச் சூடு பார்த்துவிட்டு, புருஷனின் தொடையில் ஒத்தடம் கொடுக்கத் தொடங்கினாள்.